கடைசி இருபது விழுக்காடு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிபோர்னியா எல்லைக்குப் பக்கத்தில், குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கோடையில் அங்கே வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தொடும். ஊரில் ஆள் நடமாட்டமே குறைந்துபோகும். குளிர்காலம் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். பனி மூடிய வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வீட்டு வசதிகள் கொண்ட வண்டிகளான மோட்டார் ஹோம்கள் சாரை சாரையாக வந்து சேரும். ஊரைச் சுற்றியிருக்கும் பாலை நிலத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தம். ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை வண்டியை நிறுத்தித் தங்கிக்கொள்ள அந்தத் துறை குறைந்த கட்டணத்தில் அனுமதி தருகிறது. 1983இலிருந்து இந்த ஏற்பாடு நடந்துவருகிறது. ஆனால் நிறுத்தும் இடத்தில் மின் இணைப்பு கிடையாது. வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், தங்கள் வண்டியில் இருக்கும் மின்சாரத்தை வைத்தே அங்கே குடித்தனம் நடத்துகிறார்கள்.

அந்த மின்சாரம் இருக்கும் இடம் ‘ஹவுஸ் பேட்டரி’. இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி வேறு, இது வேறு. விளக்கு, தண்ணீர் பம்பு, ஃப்ரிட்ஜ், கேஸ் ஹீட்டரின் காற்றாடி, செல்பேசி, மடிக்கணினி, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவோர் மாட்டிக்கொள்ளும் சிறு இயந்திரம் என்று வீட்டுச் சுமை முழுவதும் இதன் தலையில்தான். ஒன்று போதாமல் இரண்டு, இரண்டு போதாமல் நான்கு என்று வரிசையாக வைப்பார்கள். இரவு பாதியில் விளக்கு மங்கினால் முதலில் தோன்றும் யோசனை, இன்னொரு பேட்டரி வாங்கிச் சேர்க்கலாம் என்பதுதான். பெரும்பாலான வண்டிகளில் குறை அங்கே இருப்பதில்லை. இருக்கும் பேட்டரிகள் ஒருநாளும் முழுதாக நிரம்புவதில்லை, ஒன்றுபோல நிரம்புவதுமில்லை. அந்த நிலையில் மேலும் இரண்டைச் சேர்த்தால், சாகப்போகும் பேட்டரிகளின் எண்ணிக்கைதான் கூடும். ஏன் அப்படி என்று புரிய, பேட்டரிக்குள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஈய-அமில பேட்டரியை 1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். அடிப்படை இன்றும் அதேதான். நேர்மின் தகட்டில் ஈய டை ஆக்சைடு, எதிர்மின் தகட்டில் கடற்பஞ்சு போல நுண்துளைகள் நிறைந்த ஈயம், இரண்டுக்கும் நடுவே நீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரத்தை எடுக்க எடுக்க இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது; அமிலத்தின் செறிவு குறைந்துகொண்டே வருகிறது. சார்ஜ் செய்யும்போது சல்பேட் கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. புதிதாகப் படிந்த சல்பேட் மிக நுண்ணிய படிகங்களாக இருப்பதால் எளிதில் கரையும். அப்படியே நாள்கணக்கில் விட்டுவிட்டால் சிறு படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் முழுவதும் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி இனி வேலைக்கு உதவாது. பேட்டரி தொழிலில் இதை ‘சல்பேஷன்’ என்பார்கள். ஹவுஸ் பேட்டரிகள் வயதாவதற்கு முன்பே சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியில் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு உடனே, இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். அதை மெதுவாக, ஆழமாகக் காலி செய்தால் சில டஜன் தடவைகளிலேயே படுத்துவிடும். வீட்டுச் சுமைக்குத் தடித்த தகடுகள் கொண்ட பேட்டரி வேண்டும். அமெரிக்காவில் மோட்டார் ஹோம்காரர்கள் இதற்காகப் பல ஆண்டுகளாகத் தேடிப் போவது கால்ஃப் மைதானத்து வண்டியின் பேட்டரியை. 6 வோல்ட், ஏறத்தாழ 220 ஆம்பியர்-மணி, எடை 28 கிலோ அளவில் இருக்கும். லட்சக்கணக்கில் விற்பதால் விலையும் குறைவு. இரண்டைத் தொடரிணைப்பில் சேர்த்தால் 12 வோல்ட் கிடைத்துவிடும்.

ஒன்று கவனிக்க வேண்டும். கால்ஃப் வண்டியில் இந்த பேட்டரி பல ஆண்டுகள் நீடித்து உழைப்பதற்குத் தகட்டின் தடிமன் மட்டும் காரணமில்லை. அந்த வண்டி ஒவ்வோர் இரவும் கொட்டகையில் சார்ஜரில் மாட்டப்பட்டு, விடிவதற்குள் முழுதாக நிரம்பிவிடுகிறது. அதே பேட்டரி பாலைவனத்தில் நிற்கும் மோட்டார் ஹோமுக்கு வந்தால், ஐம்பது விழுக்காட்டுக்கும் எண்பதுக்கும் நடுவே வாரக்கணக்கில் ஊசலாடுகிறது. நூறைத் தொடுவதே இல்லை.

பேட்டரிகளைப் பெருக்குவதில் உண்மையான ஒரு லாபம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பேட்டரியின் மேல் 100 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால், அது வழக்கமாக 20 மணி நேரக் கணக்கு: 5 ஆம்பியர் வீதம் எடுத்தால் 20 மணி நேரம் தாங்கும். 50 ஆம்பியர் எடுத்தால் 2 மணி நேரம் வர வேண்டும் என்று மனக்கணக்குச் சொல்லும். வராது. அமிலம் தகட்டின் நுண்துளைகளுக்குள் ஊறிச் செல்ல நேரம் பிடிக்கும். அவசரமாக இழுத்தால் உள்ளே இருக்கும் ஈயம் வேலைக்கு வருவதற்குள் வோல்டேஜ் விழுந்துவிடும். ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாய்க்கர்ட் 1897இல் இதைச் சூத்திரமாக்கினார். ஈய-அமில பேட்டரிக்குப் பொருந்தக்கூடிய 1.25 என்ற அடுக்கெண்ணை அதில் போட்டுப் பார்த்தால், 50 ஆம்பியரில் நம் 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி ஏழு நிமிடம்தான் தாங்கும். அதே சுமையை அதே போன்ற நான்கு பேட்டரிகள் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 12.5 ஆம்பியர்தான் வரும். ஆறே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். நான்கு மடங்கு பேட்டரிக்கு ஐந்தரை மடங்குக்கும் கூடுதலான நேரம்! வேகமாக இழுத்தபோது கிடைக்காத மீதி எங்கும் போய்விடுவதில்லை. சற்று ஓய்வு கொடுத்தால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் இன்வெர்ட்டர் ‘பேட்டரி காலி’ என்று கத்திவிட்டு நின்றபின், காபி கொதிக்கவைக்க வேண்டியவருக்கு அந்த ஆறுதல் போதாது.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: நான்கும் சுமையைச் சமமாகப் பங்கிட வேண்டும். தானாக அது நடந்துவிடாது.

நான்கு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக வைத்து, நேர்மின் முனைகள் அனைத்தையும் ஒரு தொடர் வயராலும் எதிர்மின் முனைகள் அனைத்தையும் இன்னொன்றாலும் இணைத்துவிடுகிறோம். பக்க இணைப்பு. வண்டிக்குப் போகும் இரண்டு தடித்த கேபிள்களையும் முதல் பேட்டரியிலேயே மாட்டுகிறோம். கைக்கு எட்டும் இடம் அதுதான், பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். கடைசி பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் இப்போது ஆறு இணைப்பு வயர்களைக் கடந்து வர வேண்டும். முதல் பேட்டரிக்கு அந்த வேலையே இல்லை. வயரின் மின்தடை ஒரு பொருட்டா என்று கேட்கலாம். பேட்டரியின் உள்மின்தடையே மிகச் சிறியது என்பதால், பொருட்டுதான். ஒரு பேட்டரிக்கு 6 மில்லி ஓம், ஒவ்வோர் இணைப்பு வயருக்கும் அதன் முனைகளையும் சேர்த்து அரை மில்லி ஓம் என்று வைத்துக் கணக்கிட்டால், 100 ஆம்பியர் சுமையில் முதல் பேட்டரி 37 ஆம்பியர் தருகிறது. அடுத்தது 26, மூன்றாவது 20, கடைசி பேட்டரி வெறும் 17. முதல் பேட்டரி கடைசியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உழைக்கிறது. சார்ஜ் ஆகும்போதும் இதே பாரபட்சம்தான். முதல் பேட்டரி ஓடியோடித் தேய்கிறது. கடைசி பேட்டரி சார்ஜ் எட்டாமல் சல்பேஷனில் சிக்குகிறது.

தீர்வுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. நேர்மின் கேபிளை முதல் பேட்டரியிலேயே விட்டுவிட்டு, எதிர்மின் கேபிளை மட்டும் கழற்றிக் கடைசி பேட்டரியில் மாட்டினால் போதும். எந்த பேட்டரியிலிருந்து புறப்பட்டாலும் இப்போது கடக்க வேண்டிய இணைப்பு வயர்கள் மூன்றுதான். அதே எண்களை வைத்து மீண்டும் கணக்கிட்டால் 27, 23, 23, 27 என்று வருகிறது. இரண்டே பேட்டரிகள் என்றால், அல்லது 6 வோல்ட் பேட்டரிகளை இரண்டிரண்டாகத் தொடரிணைப்பில் கோத்த இரண்டு சரங்கள் என்றால், இந்த மூலைவிட்ட இணைப்பில் பங்கீடு முற்றிலும் சமம். நான்கு 12 வோல்ட் பேட்டரிகளைவிட நான்கு 6 வோல்ட் பேட்டரிகளை நான் உயர்வாக நினைக்க இதுவும் ஒரு காரணம்: பக்க இணைப்பில் நிற்கும் சரங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு தொல்லை குறைவு. நான்கு 12 வோல்ட் பேட்டரிகள்தான் வேண்டும் என்பவர், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே நீளக் கேபிளை எடுத்துச் செம்புப் பட்டையில் சேர்த்துவிடலாம். பங்கீடு சரியாக 25 ஆகிவிடும்.

மூலைவிட்ட இணைப்பைச் சரியாகப் போட்டவர்களும் ஒரு இடத்தில் சறுக்குவதைப் பார்க்கலாம். பின்னாளில் சூரியத் தகடு வாங்கி, அதன் சார்ஜ் கன்ட்ரோலரிலிருந்து வரும் இரண்டு வயர்களையும் வசதிக்காக முதல் பேட்டரியிலேயே மாட்டிவிடுகிறார்கள். சுமை சமமாகப் போகிறது, சார்ஜ் சமமாக வருவதில்லை. உள்ளே வருவதும் வெளியே போவதும் அதே இரண்டு மூலைகள் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

ஒரே சரத்தில் புதியதையும் பழையதையும் கலப்பது வேண்டாம். வலுவிழந்த பேட்டரி முதலில் காலியாகிறது, முதலில் ‘நிரம்பியதாக’ நடிக்கிறது. நல்ல பேட்டரியையும் தன் நிலைக்கு இழுத்துவிடுகிறது. பக்க இணைப்பில் இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. 12 வோல்ட் பேட்டரி என்பது 6 செல்கள். ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டால் அது 10.5 வோல்ட் பேட்டரியாகிவிடும். பக்கத்தில் நிற்கும் நல்ல பேட்டரிகள் அத்தனையும் தங்கள் மின்சாரத்தை அதற்குள் கொட்டும். அது சூடேறி ஆவியைக் கக்கும். சரத்துக்கு ஒரு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். மேலே சொன்ன உள்மின்தடைப்படி ஒரு பேட்டரியின் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் 2,000 ஆம்பியரைத் தாண்டும். ஸ்பேனர் தவறி இரண்டு டெர்மினல்களையும் ஒன்றாகத் தொட்டால் அங்கேயே வெல்டிங் ஆகிவிடும். வேலையில் இறங்கும் முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

இனி சார்ஜ். நல்ல சார்ஜர் மூன்று கட்டங்களில் வேலை செய்யும். முதல் கட்டத்தில் தன்னால் முடிந்த முழு மின்னோட்டத்தையும் தள்ளும். பேட்டரியின் வோல்டேஜ் மெல்ல ஏறும். 14.4 அல்லது தயாரிப்பாளர் சொன்ன அளவை எட்டியதும் இரண்டாம் கட்டம். வோல்டேஜை அங்கேயே பிடித்துவைத்துக்கொள்ளும். பேட்டரி ஏற்கும் மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வரும். கடைசியில் 13.5 அளவுக்கு இறங்கி, நிரம்பிய பேட்டரியை அப்படியே பராமரிக்கும். முதல் கட்டம் முடியும்போது பேட்டரியில் 80 விழுக்காடு வந்திருக்கும். மீதி 20 விழுக்காட்டுக்கு முன்னதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

காய்ந்து வெடித்த வயலில் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மேல்மண் உடனே நனைந்துவிடும்; வேர் வரை ஈரம் இறங்க வேண்டுமானால் மெதுவாக நின்று பாய வேண்டும்; மடையை அகலத் திறந்தால் வரப்பை உடைத்துக்கொண்டுதான் ஓடும். தகட்டின் மேற்பரப்பில் இருக்கும் சல்பேட் சட்டென்று கரைகிறது. நுண்துளைகளின் ஆழத்தில் இருப்பதை எட்ட, அமிலம் உள்ளே போய் வெளியே வர வேண்டும். அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் அது சல்பேட்டைக் கரைப்பதை விட்டுவிட்டுத் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோமே, அந்தத் தண்ணீர் இப்படித்தான் காணாமல் போகிறது. காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டைத் தொட்டாலே தீப்பொறியில் வெடிக்கும் என்பதால் பேட்டரிப் பெட்டிக்கு வெளிக்காற்று வந்துபோக வழி இருந்தே ஆக வேண்டும்.

குவார்ட்ஸைட்டில் நான்கு கால்ஃப் பேட்டரிகளோடு, அதாவது 440 ஆம்பியர்-மணியோடு, நிற்கும் வண்டியை எடுத்துக்கொள்வோம். பாலைவனத்தில் இரவுக் குளிர் கடுமை. ஹீட்டரின் காற்றாடி 8 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேர இரவில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினாலே 27 ஆம்பியர்-மணி போய்விடும். ஃப்ரிட்ஜையும் மற்றவற்றையும் சேர்த்து ஒரு நாளைக்கு நூறு ஆம்பியர்-மணி என்று வைத்தால், இரண்டு நாளில் பேட்டரிகள் பாதிக்கு வந்துவிடும். ஈய-அமிலத்தில் அதற்குக் கீழே இறங்காமல் இருப்பது ஆயுளுக்கு நல்லது. 55 ஆம்பியர் சார்ஜரை ஜெனரேட்டரில் மாட்டினால், பாதியிலிருந்து 80 விழுக்காட்டுக்கு ஏற இரண்டரை மணி நேரம். அங்கிருந்து நூறுக்குப் போக இன்னும் நாலைந்து மணி நேரம்; அந்த நேரம் முழுவதும் ஜெனரேட்டர் சில ஆம்பியர்களுக்காக எரிபொருளைக் குடித்துக்கொண்டிருக்கும். சத்தம் வேறு. யாரும் அவ்வளவு நேரம் ஓட்டுவதில்லை. எண்பதில் நிறுத்திவிடுகிறார்கள். நாள்தோறும் நிறுத்துகிறார்கள். படிகங்கள் இறுகுகின்றன.

பழைய வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் தொழிற்சாலையில் பொருத்திய ‘கன்வெர்ட்டர்’ வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தருவதற்காக வந்தது. சார்ஜ் செய்வது அதற்கு உபதொழில். 13.6 வோல்ட் அளவில் ஒரே நிலையில் நிற்கும். அந்த வோல்டேஜில் பேட்டரி நிரம்ப நாள்கணக்கில் ஆகும். மாதக்கணக்கில் மின் இணைப்பிலேயே விட்டுவைத்தாலோ, நிரம்பிய பேட்டரியின் தண்ணீரையும் மெல்லக் குடித்துவிடும். இப்படிப்பட்ட வண்டியை வாங்கியவர், புதிய பேட்டரிக்குப் பணம் செலவழிக்கும் முன் சார்ஜரை மாற்றுவதே நல்லது.

சூரியன் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறான். எல்லாச் சுமையையும் சூரியத் தகட்டின் மேல் ஏற்றுவது குளிர்காலத்தில் கட்டுப்படியாகாது. குவார்ட்ஸைட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 33.7 டிகிரியில் இருப்பதால், டிசம்பர் மூன்றாம் வார நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். கூரையில் படுத்துக் கிடக்கும் தகட்டின் மேல் நண்பகல் வெயிலில் பாதியை ஒட்டித்தான் விழும். 400 வாட் தகடு ஒரு நாளைக்கு 60, 70 ஆம்பியர்-மணி கொடுத்தால் நல்ல நாள். தகட்டைத் தெற்கே நோக்கிச் சாய்த்து நிறுத்தக் கால்கள் பொருத்தினால் கணிசமாகக் கூடும். ஆனால் கடைசி 20 விழுக்காட்டுக்கு வேண்டியது பெரிய மின்னோட்டம் அல்ல, நீண்ட நேரம். அதைச் சூரியனைப் போலச் சத்தமில்லாமல் தரக்கூடியது வேறெதுவும் இல்லை. ஆகவே விடிந்ததும் ஜெனரேட்டரை ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஓட்டி, காலியாகக் கிடக்கும் பேட்டரி ஆவலாக வாங்கிக்கொள்ளும் அந்தப் பெரிய மின்னோட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அணைத்துவிட்டு மீதியைப் பகல் முழுவதும் சூரியத் தகட்டிடம் விடலாம். மாலையில் ஜெனரேட்டர் ஓட்டுகிறவர்கள் இதே எரிபொருளுக்குக் குறைந்த பலனைத்தான் பெறுகிறார்கள்.

நிரம்பிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சார்ஜரில் எரியும் பச்சை விளக்கை நம்ப முடியாது. பல சார்ஜர்கள் மணிக்கணக்கு வைத்து இரண்டாம் கட்டத்தை முடித்துக்கொள்கின்றன. 14.4 வோல்ட்டில் இருக்கும்போது பேட்டரிக்குள் போகும் மின்னோட்டம் மொத்தக் கொள்ளளவில் ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கு, நம் வண்டியில் 4 முதல் 9 ஆம்பியருக்கு, இறங்கியிருந்தால் நிரம்பிவிட்டது என்று பொருள். தண்ணீர் ஊற்றும் திறந்த வகை பேட்டரிக்கு இன்னும் உறுதியான சாட்சி, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். மூடியைத் திறந்து, ரப்பர் குமிழை அழுத்தி, குழாயை அமிலத்துக்குள் விட்டுக் கையை மெல்லத் தளர்த்தினால் அமிலம் மேலேறும். உள்ளே இருக்கும் மிதவை சுவரில் ஒட்டாமல் நிமிர்ந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். முழுச் சார்ஜில் ஒப்படர்த்தி 1.265 அளவில் இருக்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஐந்து செல்கள் 1.260 காட்டி ஆறாவது மட்டும் 1.200 காட்டினால், மொத்த வோல்டேஜ் மூடி மறைத்த குறை வெளியே வந்துவிட்டது. அந்த பேட்டரியைத் தனியே எடுத்து, திறந்த வகைக்கு மட்டும் உரிய 15.5 வோல்ட் அளவிலான சமன்படுத்தும் சார்ஜைச் சில மணி நேரம் கொடுத்துப் பார்க்கலாம். அப்போதும் ஏறாவிட்டால் அந்த செல் முடிந்துவிட்டது. சுவரில் மாட்டிய வோல்ட்மீட்டரை இதற்கெல்லாம் சாட்சிக்கு அழைக்க முடியாது. சார்ஜ், சுமை இரண்டையும் துண்டித்துச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்தபின்தான் 12.7 வோல்ட் முழுமை, 12.2 பாதி என்ற கணக்கு செல்லும்.

சார்ஜ் வோல்டேஜை வெப்பநிலையும் ஆட்டுவிக்கும். 14.4 என்பது 25 டிகிரிக்கான அளவு. திறந்த வகை 12 வோல்ட் பேட்டரிக்கு ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் 0.03 வோல்ட் அளவில் கூட்ட வேண்டும். 5 டிகிரி காலையில் 15 வோல்ட் தேவைப்படுகிறது. 40 டிகிரி பகலில் 14க்கும் கீழே இறக்க வேண்டும். இதற்கான உணரியை பேட்டரியின் உடம்பிலேயே ஒட்ட வேண்டும். கதகதப்பான அறைக்குள் இருக்கும் சார்ஜருக்கு வெளிப்பெட்டியில் நடுங்கும் பேட்டரியின் நிலை தெரியாது.

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஹவுஸ் பேட்டரியை நிரப்பிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆல்டர்னேட்டரிலிருந்து பின்னால் இருக்கும் பேட்டரிக்கு 6 மீட்டர் தூரம், 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்று கொள்வோம். போக வர 12 மீட்டர். 40 ஆம்பியரில் 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். 14.2 வோல்ட் புறப்பட்டு 13.4 வந்து சேரும். மின்னோட்டம் குறையக் குறைய இழப்பும் குறையும். ஒரு வாரம் ஓட்டினால் நிரம்பத்தான் செய்யும். அவ்வளவு தூரம் எவர் ஓட்டப்போகிறார்? 35 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் அடங்கும். இன்ஜின் பேட்டரியை ஹவுஸ் சுமை காலி செய்துவிடாதபடி இரண்டையும் பிரித்துவைக்க, சில பழைய வண்டிகளில் டயோடு வைத்திருப்பார்கள். அது தன் பங்குக்கு 0.6, 0.7 வோல்ட்டை விழுங்கும். ரிலே நல்லது. எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைத் தாழ்த்திக்கொள்ளும் புதிய வண்டிகளில் ரிலேயும் போதாது. எந்த வோல்டேஜ் வந்தாலும் அதை உயர்த்தி மூன்று கட்டங்களாகக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் நடுவே வேண்டும்.

கடைசி 20 விழுக்காட்டின் தொல்லையை வேரோடு தீர்த்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. இந்தப் பொருளை பேட்டரிக்குள் கொண்டுவரலாம் என்று காட்டியது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் நடத்திய ஆய்வுக் குழு. 1997இல் அந்த ஆய்வு வெளியானது. குட்இனஃப் லித்தியம் அயனி பேட்டரிக்கான பணிக்காக 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதில் சல்பேட் இல்லை. நிரப்பாமல் விட்டால் கெட்டுவிடும் என்ற பயம் இல்லை. கிட்டத்தட்ட நிரம்பும்வரை முழு மின்னோட்டத்தையும் வாங்கிக்கொள்ளும் என்பதால் ஜெனரேட்டரின் ஒவ்வொரு நிமிடமும் பயன்படும். கொள்ளளவில் பெரும்பகுதியை அச்சமின்றிச் செலவழிக்கலாம். நான்கு கால்ஃப் பேட்டரிகள் 112 கிலோ எடையில் தரும் மின்சாரத்தை, அதில் நான்கில் ஒரு பங்கை ஒட்டிய எடையில் தந்துவிடும்.

அதற்காக இணைப்பில் அலட்சியம் காட்ட முடியாது. கவனம் கூடுதலாகவே வேண்டும். இதன் உள்மின்தடை இன்னும் குறைவு என்பதால் இணைப்பு வயரின் அரை மில்லி ஓம் இன்னும் பெரிதாகத் தெரியும். ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் ஒரு காவல் மின்சுற்று இருக்கிறது; சுமையில் கூடுதல் பங்கைச் சுமக்கும் முதல் பேட்டரி வரம்பைத் தாண்டியதும் அது துண்டித்துக்கொள்ளும். அந்தச் சுமையும் மற்றவற்றின் மேல் விழ, அவையும் ஒவ்வொன்றாக வெளியேறும். பக்க இணைப்பில் சேர்க்கும் முன் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே முழுதாக நிரப்பிவிட வேண்டும். ஆல்டர்னேட்டரை நேராக மாட்டவும் கூடாது. லித்தியம் கேட்கும் மின்னோட்டத்தைத் தொடர்ந்து கொடுத்தால், அதுவும் வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது, குளிரவைக்கப் போதிய காற்றில்லாமல் ஆல்டர்னேட்டர் கருகும். சார்ஜ் ஏறும் நடுவில் காவல் சுற்று சட்டென்று துண்டித்தால், போக இடமில்லாத மின்னாற்றல் வோல்டேஜாகத் துள்ளி டயோடுகளைப் பொசுக்கிவிடும். டிசி-டிசி சார்ஜர் இருந்தால் இரண்டு ஆபத்தும் விலகும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாக எதிர்மின்வாயின் மேல் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும். ஆகவே குளிர் தாக்கும் வெளிப்பெட்டியை விட்டு வண்டிக்குள்ளே, கட்டிலுக்கடியில் வைப்பதே சரி. வாயு கக்காத பேட்டரி என்பதால் அது சாத்தியமாகிறது.

ஏப்ரல் பாதியில் அனுமதிக் காலம் முடிந்து, வண்டி அடுத்த குளிர்காலம்வரை எங்காவது நிழலில் நிற்கப்போகும்போது இரண்டு வகைக்கும் எதிரெதிர் வைத்தியம். ஈய-அமில பேட்டரியைத் தண்ணீர் ஊற்றி, முழுதாக நிரப்பி, சல்பேட் துளியும் மிஞ்சாத நிலையில் விட வேண்டும். கோடை வெயிலில் அது தானாகவும் வேகமாக வடியும் என்பதால் மாதம் ஒருமுறை சார்ஜ் வேண்டும், அல்லது சிறிய சூரியத் தகடாவது தொடர்ந்து ஊட்ட வேண்டும். லித்தியத்தை முழுச் சார்ஜில் வெயிலில் வைத்தால்தான் ஆயுள் குறையும். பாதி அளவுக்கு இறக்கி, சார்ஜரைத் துண்டித்துவிடலாம். இரண்டு வகைக்கும் பொதுவாக ஒரு வேலை உண்டு: பிரதான சுவிட்சை அணைத்த பிறகும் கேஸ் கசிவு உணரியும் ரேடியோவும் சில வண்டிகளில் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் மாட்டிப் பார்த்து, அது சுழியம் காட்டாவிட்டால் எதிர்மின் கேபிளையே டெர்மினலிலிருந்து கழற்றி ஓரமாகக் கட்டிவைக்க வேண்டும்.